உள்ளறை வாசலுக்கு ஒரு திரை

திருத்துறைப்பூண்டி
19.5.2024

அன்பிற்கினிய விண்ணரசிக்கு,

நான் நலம். உன் நலத்தை நீயே எழுதி அறிவிக்க வேண்டும். பிறர் வாயால் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

நீ இவ்வீட்டை விட்டுத் திருவிடைமருதூர் போய் ஓராண்டு ஆகப் போகிறது. ஜாய்ஸின் திருமணம் முடிந்த மறுவாரம், பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனாய். ஊர் ஊராய் மேடையேறி உழவர் உரிமைக்காக முழங்கியவன், தன் மனைவி ஏன் போனாள் என்று கேட்டவர்க்கெல்லாம் ஆற்று நீரைப் பற்றிப் பேசி அனுப்பினேன். அது கிடக்கட்டும்.

நம் மகள் கருவுற்றிருக்கும் செய்தியை மாப்பிள்ளை ரெமிஜியஸ் சொல்லித்தான் அறிந்தேன். ஆவணியில் ஏழாம் மாதம் என்றார். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அவருடைய தாயார் கீழ்வேளூரிலிருந்து என்னை அழைத்துக் கேட்டார்: "பொண்ணோட அப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கு. அதை விட்டுட்டு அம்மா இருக்குற வாடகை ரூமுக்கா அழைச்சிக்கிட்டுப் போகப் போறீங்க?" பல்லாயிரம் பேர் கூடிய திடல்களில் எதிர்க்கேள்விக்கு அஞ்சாத நான், அந்த ஒரு கேள்விக்கு, பிறகு அழைக்கிறேன் என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். ஆணையன்று, வேண்டுகோள். நீ திரும்பி வா. மகளை இங்கே அழைத்து வருவோம். வீடு நீ விட்டுச் சென்றபடியே இருக்கிறது.

என்றும் உன்
சிங்கராயர்

திருவிடைமருதூர்
28.5.2024

ஜாய்ஸ் அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறீர்களா? கூட்டம் முடிந்து வருகிற வழியில் புரோட்டா தின்பதை நிறுத்தினீர்களா?

கைப்பேசியை நான் எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. உங்கள் கைப்பேசி எப்போதும் முற்றத்து மேசைமேல் கிடக்கும். ஒலித்தால் பக்கத்தில் இருக்கும் தோழர் எடுத்து, சத்தத்தைக் கூட்டி உங்கள் முன் வைப்பார். உங்கள் மனைவி பேசுவதை அங்கே அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். கடிதத்தையாவது நீங்கள் ஒருவரே படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீடு நான் விட்டு வந்தபடியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அச்சமே அதுதான்.

உள்ளறைக்கு ஒரு காலத்தில் கதவு இருந்தது. மேடை போடப் பலகை போதவில்லை என்று அதைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். அது திரும்பவில்லை. உழவர் மேடைக்குத் தன் வீட்டுக் கதவையே தந்தவர் என்று உங்களை அறிமுகம் செய்யும்போதெல்லாம் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். பிறகு நிலையைக் கரையான் தின்றது. இனி அது கதவைத் தாங்காது. நான் கேட்டது ஒரு கம்பியும் ஒரு துணியும். பொதுவாழ்வில் இருப்பவன் வீட்டில் மறைப்பு எதற்கு என்றீர்கள். சமையலறை மூலையில், புகையில், ஒரு கண் வாசல்மேல் வைத்தே நான் சேலை மாற்றிப் பழகிக்கொண்டேன்.

ஜாய்ஸால் பழக முடியவில்லை. கல்லூரியில் படித்த நாளில் காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கினாள். முற்றத்தில் உங்கள் தோழர்கள். அவர்களில் ஒருவனான உங்கள் செல்லப் பிள்ளை கிளாட்சன் வாசலில் நின்று, அவள் தூங்குவதைக் கைப்பேசியில் படம் எடுத்தான். அதை நண்பர்களுக்கும் அனுப்பினான். உங்களிடம் வந்து சொன்னேன். "சின்னப் பய, கண்டிச்சுட்டேன், விடு" என்றீர்கள். கண்டித்ததும் முற்றத்தில், எல்லோர் முன்னிலையில். அன்று மாலைக்குள் கடைத்தெரு வரை தெரிந்துவிட்டது. படிப்பு முடியும்வரை அவள் விடுதியில் இருந்தாள். திருமணத்துக்கு முதல்நாள்தான் அந்த வீட்டில் மீண்டும் படுத்தாள்; இரவு முழுதும் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அங்கே இருக்க எனக்கு மனம் இல்லை.

இப்போது வருகிறேன். இரண்டு நிபந்தனை. உள்ளறை வாசலுக்கு நல்ல கர்ட்டன் ராடு போட்டு, கனமான திரை தொங்க வேண்டும். கிளாட்சன் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது.

இன்னொன்று. நடந்தது எதுவும் ரெமிஜியஸுக்கும் அவன் தாய்க்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்பது ஜாய்ஸின் விருப்பம்.

விண்ணரசி

திருத்துறைப்பூண்டி
16.6.2024

அன்பிற்கினிய விண்ணரசிக்கு,

உன் மடலைத் தனியே படித்தேன். கைப்பேசியையும் மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். தோழர்கள் வியந்தார்கள்.

திரை வேலையைத் தொடங்கிவிட்டேன். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக்கிடம் சென்றேன். அவர் 'கர்ட்டன்' என்றார். திரைச்சீலை என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க அயற்சொல் எதற்கு என்று சற்று நேரம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிவில், "சரிங்க ஐயா, திரைச்சீலைன்னே வச்சுக்குவோம். வாசல் உசரம் எவ்வளவு?" என்றார். நான் அளந்து போகவில்லை. என் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினேன். "மேடையில நிக்கிற உசரமா, தரையில நிக்கிற உசரமா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருநீலத் துணி. கம்பி துருப்பிடிக்காத எஃகு. இரு முனையிலும் தாங்கி பொருத்த ஆள் வந்தார். துளைப்பொறியை வைத்ததும் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. எப்படியோ முடுக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கம்பி, துணி, தாங்கி எல்லாம் தரையில் கிடந்தன. நானே ஏணி வைத்து ஏறி, பெரிய ஆணிகளாய் அடித்து மாட்டினேன். இப்போது நிற்கிறது. கம்பி ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. துணி தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிறது. பெரிய குறையில்லை.

ஆற்றில் இன்னும் மணல்தான். குறுவைக்குத் தண்ணீர் கேட்டு நாளை மறியல்.

என்றும் உன்
சிங்கராயர்

திருவிடைமருதூர்
25.6.2024

ஜாய்ஸ் அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீங்கள் ஏணியில் ஏறினீர்கள் என்று படித்ததும் முதலில் திட்டினேன், பிறகு சிரித்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னத் பீவி என்ன சிரிப்பு என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கர்ட்டன் மாட்டியிருக்காருங்க" என்றேன். அவர் வீட்டில் ஒவ்வொரு வாசலுக்கும் திரை உண்டு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விழித்தார்.

ஒரு சாண் பெரிய குறைதான். தரையோடு ஒரு விரல் மட்டுமே இடைவெளி வேண்டும். உள்ளே நிற்பவளின் கால் வெளியே தெரிந்தால், அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள், சேலை அவிழ்ந்து காலில் விழுந்ததா என்று எல்லாமே தெரியும். வெளியில் இருப்பவருக்கு இது புரியாது. உள்ளே நின்றவளுக்குத்தான் புரியும்.

அந்தச் சுவர் செம்மண் சாந்தில் கட்டியது. ஆணியும் நிற்காது, ஸ்க்ரூவும் நிற்காது. நிலைக்கு மேலே வாசலைவிட அகலமாக ஒரு தேக்குச் சட்டம் பதிக்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தில் தாங்கியை முடுக்கட்டும். கம்பியும் இரு பக்கமும் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். அளவாக இருந்தால் ஓரத்தில் இடுக்கு விழும். திரையின் அடியில் அதே துணியில் கரை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மடிப்புக்குள் சிறு கற்களை வைத்துத் தைத்தால் மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காது.

தயவுசெய்து நீங்கள் ஏற வேண்டாம்.

விண்ணரசி

திருத்துறைப்பூண்டி
21.7.2024

அன்பிற்கினிய விண்ணரசிக்கு,

நீ எழுதிய ஒவ்வொன்றும் எழுதியபடியே நிறைவேறியது. சட்டம் பதித்தாயிற்று. கம்பி மட்டம் பார்த்து மாட்டப்பட்டது. ஜாஃபர் சாதிக் தாமே அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்து அளந்தார். என் கையளவை இனி நம்புவதில்லை என்றார். கரைக்குள் கல் வைத்துத் தைத்திருக்கிறார். மின்விசிறியை முழு விசையில் ஓட விட்டுப் பார்த்தேன். திரை அசையவில்லை.

நேற்று அதை முழுக்க இழுத்துவிட்டு உள்ளே அமர்ந்தேன். முற்றத்தில் தோழர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவர்களைப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி அமர்ந்ததே இல்லை, விண்ணரசி. மூச்சு முட்டியது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆனால் நீ எதற்காக இதைக் கேட்டாய் என்பது விளங்கிவிட்டது.

கிளாட்சனை அழைத்து, இனி வீட்டுக்கு வராதே என்றேன். தலைகுனிந்து போனான். இயக்கப் பணிகளில் இருப்பான். அதை நீ தடுக்க மாட்டாய் என்று எண்ணுகிறேன். ஒலிபெருக்கி, விளம்பரம், ஒளிப்பதிவு எல்லாம் அவன் பொறுப்பு. அவனன்றி மேடை நகராது.

மகள் என்ன சொல்கிறாள்?

என்றும் உன்
சிங்கராயர்

திருவிடைமருதூர்
3.8.2024

ஜாய்ஸ் அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கீழ்வேளூர் போய் இரண்டு நாள் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்:

"கால் தெரியாதுல்லம்மா?"

தெரியாது என்றேன். "அப்பாவே உக்காந்து பாத்தாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் முகம் கொஞ்சம் தெளிந்தது. வருகிறேன் என்றாள். உங்களுக்கு மீன் குழம்பில் மாங்காய் போட்டால் பிடிக்கும், அங்கே வந்ததும் செய்து தருகிறேன் என்றும் சொன்னாள். நான் திரும்பிக்கொண்டேன்; என் கண்ணை அவள் பார்க்க வேண்டாம் என்று.

வேளாங்கண்ணித் திருநாளுக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் இந்த மாதக் கடைசியில் தொடங்கிவிடும். திருநாள் முடிந்து, பேருந்தில் நெரிசல் குறைந்த பிறகு, செப்டம்பர் நடுவில் வளையல் போட்டு அழைத்து வருவோம். நான் அதற்கு முன்பே வந்து வீட்டைத் துடைத்துவைக்கிறேன். உள்ளறையில் கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளிப் போடுங்கள். உங்கள் பழைய துண்டறிக்கைக் கட்டுகளையெல்லாம் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

இத்தனை ஆண்டில் நான் கேட்டதை நீங்கள் செய்தது இதுதான் முதல் முறை. இதைக் குறையாக எழுதவில்லை.

உங்கள்
விண்ணரசி

திருத்துறைப்பூண்டி
19.8.2024

அன்பிற்கினிய விண்ணரசிக்கு,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளிப் போட்டாயிற்று.

நேற்று இங்கே உழைக்கும் மகளிர் மாநாடு. நடவு நடும் பெண்கள் நனைந்த சேலையை வரப்பில் நின்று மாற்றுகிறார்கள். வயலோரம் அவர்களுக்கு மறைப்புள்ள கொட்டகை வேண்டும் என்பதே கோரிக்கை. நிறைவுரை என்னுடையது. முன்னே சேற்றுக்கால்களோடு அமர்ந்திருந்த பெண்களைக் கண்டதும் ஆயத்தம் செய்த உரை மறந்துவிட்டது. நம் வீட்டுத் திரை கண்முன் நின்றது. பேசத் தொடங்கினேன்.

"பிறர் வீட்டுக் கதையைச் சொல்லேன்; என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்" என்றேன். கதவு மேடைக்குப் போனதைச் சொன்னேன். ஒரு கம்பிக்காகவும் ஒரு துணிக்காகவும் வாழ்நாளெல்லாம் காத்திருந்த உன்னைச் சொன்னேன். திரையில்லாத வாசலில் என் மகளுக்கு நேர்ந்ததையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, என் மகள் என்று மட்டுமே சொன்னேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்தத் தம்பி இம்மேடையில்தான் இருக்கிறான், திருந்திவிட்டான், என் மகள் சார்பில் மன்னிக்கிறேன் என்று சொல்லிக் கிளாட்சனை அருகே அழைத்துத் தழுவினேன். ஒளிப்பதிவுக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். கூட்டம் முழுதும் எழுந்து நின்றது.

என் பேச்சுகளிலேயே இதுதான் தலைசிறந்தது என்று மூத்த தோழர்கள் சொன்னார்கள். அவன் அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறான். ஒரே இரவில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். உன்னையும் மகளையும் ஊரே வாழ்த்துகிறது. வயலோரக் கொட்டகையைப் பற்றி அலுவலர்களும் விசாரிக்கிறார்கள். நீ கேட்ட திரை இனி ஊர்தோறும் தொங்கும்.

நீ வரும் நாளை எழுது.

என்றும் உன்
சிங்கராயர்

திருவிடைமருதூர்
30.8.2024

ஜாய்ஸ் அப்பாவுக்கு,

கீழ்வேளூரில் அந்தப் பேச்சை முதலில் பார்த்தது ரெமிஜியஸின் தாய். பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினாளாம். உங்கள் முகம் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் உண்டா? உங்களுக்கு எத்தனை மகள்கள் என்பது தெரியாதவர் உண்டா? பெயரைச் சொல்லாமல் விட்டேன் என்கிறீர்கள்.

அந்த அம்மாள் ஜாய்ஸை உட்கார வைத்துக் கேட்டார். "படம் மட்டுந்தானா, வேற எதுவுமா? அவ்வளவு பெரிய மன்னிப்புன்னா சின்ன விஷயமா இருக்காதே." அவள் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. இரவு ரெமிஜியஸ் வந்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டான். விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தானாம். எங்கோ யாரிடமோ அந்தப் பழைய படமும் இன்னும் இருந்திருக்கிறது. உங்கள் பேச்சோடு சேர்த்து அதையும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அவன் கைப்பேசிக்கே வந்தது.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் தெரு முழுக்கப் போய்க்கொண்டிருந்த காலையில், அவள் ஒரு பையோடு எதிர்த்திசையில் நடந்து வந்து பேருந்து ஏறியிருக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. மதியம் என் வாசலில் நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்:

"அப்பா மன்னிச்சுட்டாராம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

இது ஒரே அறை. நடுவில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டிருக்கிறேன். அவள் அதற்குப் பின்னால்தான் இருக்கிறாள். விளக்கு எரிந்தால் நிழல் தெரிகிறது என்று விளக்கும் போடுவதில்லை.

நாங்கள் அங்கே வரப்போவதில்லை. நீங்களும் இங்கே வர வேண்டாம்.

விண்ணரசி

திருத்துறைப்பூண்டி
24.11.2024

விண்ணரசிக்கு,

இதற்கு முன் எழுதிய மடல்களுக்கு விடை இல்லை. பேருந்தேறித் திருவிடைமருதூர்த் தேரடி வரை இருமுறை வந்தேன். வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததால் திரும்பிவிட்டேன்.

ஒளிப்பதிவை நீக்கச் சொன்னேன். கிளாட்சன் நீக்கினான். ஆனால் அதற்குள் பலர் எடுத்துக்கொண்டு அவரவர் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அதை எப்படித் திரும்பப் பெறுவதென்று தெரியவில்லை. சொல்லிய சொல்லைத் திரும்பப் பெற வேண்டிய தேவை இதற்குமுன் எனக்கு வந்ததில்லை. அவனை இயக்கத்திலிருந்து நீக்கச் சொன்னேன். மேடையில் நீங்களே தழுவினீர்களே என்கிறார்கள். நான் மேடையேறுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்கிறார்கள். சொல்லவில்லை.

முற்றத்துக்கு இப்போது எவரும் வருவதில்லை. திரையை நாள்தோறும் இழுத்து மூடுகிறேன். உள்ளே ஒருவரும் இல்லை என்பது தெரியும். ஆயினும் அதை விலக்கிப் பார்ப்பதில்லை.

குழந்தை பிறந்துவிட்டதாக ஜாஃபர் சாதிக் சொன்னார். அவருடைய உறவினர் ஒருவர் ஜன்னத் பீவியின் தெருவில் இருக்கிறாராம். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆண் குழந்தையா, பெண் குழந்தையா? பெயர் என்ன வைத்தீர்கள்? அதை மட்டும் எழுது. ஒரு சொல் போதும்.

சிங்கராயர்

திருவிடைமருதூர்
6.12.2024

திரு. சிங்கராயர் அவர்களுக்கு,

தாயும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்கள். ரெமிஜியஸ் வந்து பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஜாய்ஸிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். நீங்கள் தேரடி வரை வந்து திரும்பிய இடத்தை இரண்டாம் முறையும் படித்தாள். மின்விசிறிக் காற்றில் கயிற்றுச் சேலை விலகியது. எழுந்து அதை இழுத்துச் சுவரோரம் செருகியபடியே சொன்னாள்:

"எழுதாதம்மா. அவர் கெட்டவர் இல்ல. ஆனா சொல்லிடுவார்."

நான் உங்களுக்காக ஒரு சொல் பேசிப் பார்த்தேன். மேடையேறுவதை விட்டுவிட்டாராம் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "இப்ப விட்டுருக்கார்" என்றாள். அதனால் நீங்கள் கேட்ட இரண்டையும் எழுதவில்லை.

அந்தத் திரையைக் கழற்றித் தேவைப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கனத்த துணி; பல நாள் உழைக்கும். மாத்திரையை மறக்க வேண்டாம்.

இந்த வாரம் இந்த ஊரிலிருந்து போகிறோம். இனி இந்த முகவரிக்கு எழுதினால் ஜன்னத் பீவி திருப்பி அனுப்பிவிடுவார். போகிற வீடு சின்னதுதான். உள்ளறைக்குக் கதவு இருக்கிறது. உட்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கிறது. இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.

விண்ணரசி